கைத்தொழில் நமக்கு, ஓவியம் யாருக்கு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. இந்த ஊர்களில் தைக்கும் ஷூ ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. தோலை வெட்டுவது, மேல்பாகம் தைப்பது, ஒட்டுவது, பெட்டியில் அடுக்குவது என்று கம்பெனிக்குள் நிற்பவர்களில் நம் தெருக்காரர்கள் ஏராளம். அதிலும் பெண்கள் ஏராளம். ஆனால் ஷூவின் வடிவம் பெரும்பாலும் வாங்குகிற வெளிநாட்டு பிராண்டிடமிருந்து வருகிறது. அதை இங்கே பேட்டர்னாக மாற்றும் மேசைக்குக்கூட வரையக் கற்றவர்கள்தான் போக முடியும். நம் பிள்ளைகள் வரையக் கற்றுக்கொள்ள வாய்ப்பு இருந்ததா? இந்தக் கேள்வியைக் கம்பெனி வாசலில் கேட்பதற்கு முன் ஒன்றாம் வகுப்பு வாசலில் கேட்க வேண்டும். அதற்கு வரலாறு தெரிய வேண்டும்.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று பெரியமேட்டை ஒட்டி இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான். பெரியமேடு என்றால் தோல் மண்டி என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கலைப்பள்ளிக்கும் தோலுக்கும் அதைவிட நெருக்கமான தொடர்பும் உண்டு. 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரச் சோதனையைத் தொடங்கிய ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1900களின் தொடக்கத்தில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளையும் நடத்தினார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்த இடத்தில் புதிய வேதியியல் வந்தது. அதற்கு ஓவியப் பள்ளியும் ஒரு வாசலாக இருந்தது.

அதே காலத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்களின் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? ஊர்ப் பள்ளிக்கு வெளியே. பஞ்சமர் கல்விக்கென சென்னை மாகாண அரசு 1893இல்தான் தனி ஆணை பிறப்பித்தது. கர்னல் ஆல்காட் அடையாறில் இலவசப் பள்ளி தொடங்கியது 1894இல். பலகையும் பல்பமும் கிடைப்பதே பெரும் போராட்டமாக இருந்த காலம் அது. அப்படிப்பட்ட சூழலிலும் நம் தலைவர்கள் எழுத்தும் கணக்கும் போதும் என்று நின்றுவிடவில்லை. பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி.ராஜா, ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்ற நூலைச் சிறு குழந்தைகளுக்காகவே எழுதினார். சட்டமன்றத்தில் நம் உரிமைக்குப் பேசியவர், குழந்தை பாடிக்கொண்டே கற்க வேண்டும் என்பதிலும் அக்கறை காட்டியிருக்கிறார். இந்தப் பக்கத்தை நாம் போதுமான அளவு பேசவில்லை.

வேறொரு தொழில் வட்டாரத்தையும் பார்ப்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அப்போது துணி ஆலைகளும் ஷூ தொழிற்சாலைகளும் நிறைந்ததாக இருந்தது. அங்கே 1870இல் ஒரு சட்டம் வந்தது. பொதுப் பள்ளிகளில் வரைதல் கட்டாயப் பாடமானது. பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் நகரங்கள் 15 வயதைக் கடந்தவர்களுக்குத் தொழில்முறை வரைதலை இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. இதைக் கேட்டு வாங்கியவர்கள் முதலாளிகள். ஐரோப்பியச் சரக்கோடு போட்டியிட வேண்டுமானால் நல்ல வடிவமைப்பு தேவை என்பது அவர்கள் கணக்கு. லாப நோக்கம்தான். ஆனாலும் பொதுப் பள்ளிக்கு வந்த எல்லாப் பிள்ளைகளின் கையிலும் பென்சில் வந்து சேர்ந்தது.

இங்கே நடந்தது என்ன? 1937இல் காந்தி முன்வைத்த வார்தா திட்டம் கைத்தொழிலைக் கல்வியின் மையமாக்கியது. நூற்பு, தச்சு, தோல் வேலை எல்லாம் அதன் பட்டியலில் இருந்தன. அதன் மீது நமக்கு விமர்சனம் உண்டு. என்றாலும் அது எந்தப் பிள்ளைக்கு எந்தத் தொழில் என்று பிறப்பை வைத்துப் பிரிக்கவில்லை. வரைதலும் அதன் பாடங்களில் ஒன்று. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் வேறு வகை. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். பள்ளிக் கட்டடமும் ஆசிரியரும் போதவில்லை, இரண்டு வேளையாகப் பிரித்தால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம் என்று ஆதரவாளர்கள் வாதாடினார்கள். தோல் பதனிடுபவரின் மகனுக்கு இதன் பொருள் ஒன்றுதான்: மூன்று மணி நேரம் பள்ளி, பிறகு சுண்ணாம்புத் தொட்டி. பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார். திராவிட இயக்கத்தினர் தெருவில் இறங்கினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

அந்த வெற்றியை நாம் கொண்டாடுகிறோம். கூடவே அது முடிக்காமல் விட்ட வேலையையும் பார்க்க வேண்டும். குலத்தொழில் பள்ளியிலிருந்து வெளியேறியது. அந்த இடத்துக்குக் கலை வந்து சேரவில்லை. 2009இன் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் குழந்தைக்கு ஓவிய ஆசிரியர் என்ற பேச்சே அதில் இல்லை. தமிழ்நாடு 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். சம்பளம் பிறகு உயர்ந்தது. பணி நிரந்தரத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, நல்லதுதான். ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே வரையத் தெரிந்த பிள்ளையைக் கண்டுபிடிக்கும். வரையத் தெரியாத பிள்ளைக்குக் கற்றுத்தர வகுப்பும் ஆசிரியரும் வேண்டும்.

இந்தக் குறையின் விலை பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் தெரியும். தேசிய வடிவமைப்பு நிறுவனமும் நிஃப்டும் நுழைவுத் தேர்வில் வரையச் சொல்கின்றன. தனியார் பள்ளியில் சிறு வயதிலிருந்தே வண்ணம் தொட்ட பிள்ளையும், டிராயிங் பீரியடில் கணக்குப் போட்ட பிள்ளையும் அங்கே ஒரே தாளில் எழுதுகிறார்கள். இட ஒதுக்கீடு நம் உரிமை. அந்த இடம் வரை போய்ச் சேரும் பயிற்சியும் நம் உரிமை.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் தச்சு, மண்பாண்டம் போன்ற தொழில்களைப் பழகவும், பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்த் தொழிலாளர்களிடம் பயிற்சி எடுக்கவும் சொல்கிறது. கலையோடு இணைந்த கல்வி பற்றியும் அதே ஆவணம் பேசுகிறது. ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியில் இந்த இரண்டில் எது நடக்கும், எது காகிதத்தில் நிற்கும்? ஆம்பூரில் உள்ளூர்த் தொழில் எது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

தோல் வேலையை நாம் இழிவாகக் கருதவில்லை. அதில் நம் முன்னோரின் அறிவு இருக்கிறது. ஒரு குழந்தை செருப்பை வரையலாம், பாலாற்றை வரையலாம், பறக்கும் யானையை வரையலாம். எதை வரைவது என்பதை அந்தக் குழந்தையே முடிவு செய்ய வேண்டும். அதன் சாதி முடிவு செய்யக் கூடாது. தானே யோசித்து, வரைந்து, அழித்து, மாற்றி வரையும் பழக்கம்தான் வடிவமைப்பின் தொடக்கம். சொன்னதைச் செய்ய மட்டும் பழகிய கைக்கு இந்தப் பழக்கம் கிடைப்பதில்லை.

தோழர்களே, உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் போங்கள். ஓவிய வகுப்பு கால அட்டவணையில் இருக்கிறதா, அந்த நேரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது, தாளும் வண்ணமும் யார் செலவில் வருகின்றன என்று கேட்டு எழுதி வையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் நிரந்தர ஓவிய ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையைக் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். 1953இல் நம் பிள்ளைகளுக்கு எது வேண்டாம் என்று சொன்னோம். எது வேண்டும் என்பதை இப்போது சொல்ல வேண்டும்.

ஜெய் பீம்.