வயிரமேகன் ஏரிக்கரையில் இரண்டு பேரரசுகள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் மண்டபச் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதல்முறை சென்றபோது நாங்களும் அப்படித்தான் திரும்பினோம். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், எழுதப்பட்ட தீர்மானங்கள் அவை. முப்பது குடும்பு, குடத்தில் இடும் ஓலை, கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்க்கும் தகுதியின்மை ஆகிய செய்திகள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவிலும் இவ்வூரின் பெயர் ஒலித்தது. ஆகவே குடவோலையைப் பற்றி நாங்கள் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தீர்மானம் எழுதி இருபத்தெட்டு ஆண்டுகளில் ஊர் கைமாறியது. அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம்.

949இல் தக்கோலத்தில் போர் நடந்தது. பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் யானை மேலிருந்தபடியே மாண்டான். கொன்றவன் கங்க அரசன் பூதுகன்; அவன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் மைத்துனன். மாண்டியா மாவட்டத்து ஆதக்கூர் நடுகல் இந்தச் செய்தியைச் சொல்கிறது. ஆனால் அந்தக் கல் நடப்பட்டதோ ஒரு நாய்க்காக! பூதுகனின் வீரன் மணலேரன், போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக அரசனிடம் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டைநாய். அது காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது, பன்றியும் தானும் ஒருங்கே மடிந்தது. தமிழகத்தின் தலையெழுத்தை ஒரு தலைமுறைக்கு மாற்றிய போரின் சான்று, நாயின் நினைவுக்கல்லில் கிடைப்பதை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

பொன்னியின் செல்வன் படித்து வளர்ந்த நமக்குத் தக்கோலம் என்றால் சோழரின் துயரம். வேறு கோணம் தோன்றுவதில்லை. தொண்டைமண்டலத்துக் கோயில் சுவர்களோ அந்தத் துயரத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்று பராந்தகனின் ஆண்டைக் குறித்துவந்த ஊர்கள், 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று கிருஷ்ணனின் ஆண்டைக் குறிக்கத் தொடங்கின. உத்திரமேரூரிலும் கன்னரதேவன் பெயர் கல்லில் ஏறியது. மொழி அதே தமிழ். சபை, நிலம், பொன் பற்றிய சொற்களும் பழையனவே. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. ஒரே ஊர் அடுத்தடுத்து இரு பகையரசுகளின் கீழ் வாழ்ந்தது என்றால், எந்த ஆட்சியில் அது நன்றாக வாழ்ந்தது என்று கேட்பது இயல்புதானே?

முதலில் இரு அரசுகளின் பணப்பையைப் பார்க்கலாம். இராட்டிரகூடர் தலைநகர் மானியகேடம், இன்றைய கலபுரகி மாவட்டத்து மால்கேடு. 851இல் எழுதப்பட்ட, வணிகர் சுலைமானின் பெயரால் வழங்கும் அரபுக் குறிப்பு, உலகின் நான்கு பேரரசர்களாகக் கலீபா, சீனப் பேரரசர், உரோமப் பேரரசர் ஆகியோரோடு 'பல்ஹரா'வையும் சேர்க்கிறது. பல்ஹரா என்பது வல்லபராசன் என்பதன் அரபுத் திரிபு. அந்நாட்டு அரசர்கள் ஐம்பது ஆண்டுகள்கூட ஆள்கிறார்கள் என்றும், அரபியரிடம் அன்பு காட்டுவதே அதற்குக் காரணமென்று அந்நாட்டார் சொல்வதாகவும் அக்குறிப்பு கூறும். அப்போது ஆட்சியில் இருந்த அமோகவர்ஷன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவன் என்பதால் இதை முற்றிலும் கதையென்று தள்ளவும் முடியவில்லை. கொங்கணக் கரையின் சஞ்சான் பகுதியை இராட்டிரகூடருக்காக முகம்மது என்னும் அரபியர் ஆண்டதை 926ஆம் ஆண்டுச் சிஞ்சணிச் செப்பேடு சொல்கிறது. அவருக்கு வடமொழியில் மதுமதி என்று பெயர். துறைமுக வருவாய், சிற்றரசர் தரும் திறை, போர்க் கொள்ளை ஆகியவையே அவ்வரசின் பெரும் பலம். தக்காணத்தின் பெரும்பகுதி மழையை நம்பிய மேட்டுநிலம். அங்கே பேரரசன் ஊர் ஊராக இறங்கி நெல் அளப்பதைவிட, சிற்றரசன் அளந்ததில் பங்கு பெறுவதே எளிது.

பராந்தகன் காலத்துச் சோழ அரசு இதனோடு ஒப்பிடச் சிறியது. காவிரிப் படுகை அதன் களஞ்சியம். தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்த பெருமையைப் பராந்தகனுக்குச் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் இராசராசன் காலத்துச் செல்வத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பராந்தகனின் நாட்டைப் பார்ப்பது, பேரனின் மாடிவீட்டைக் காட்டிப் பாட்டனாரும் செல்வந்தர் என்பதைப் போன்றது. 949இல் ஒரு வெளிநாட்டு வணிகரிடம் எந்த அரசு செல்வமுடையது என்று கேட்டிருந்தால், தயங்காமல் மானியகேடத்தைக் காட்டியிருப்பார் என்றே நினைக்கிறோம்.

அந்தச் செல்வத்தால் உத்திரமேரூருக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. ஊரின் பொருளாதாரம் அரசனின் கருவூலத்தில் இல்லை, ஏரியில் இருந்தது. 921ஆம் ஆண்டுத் தீர்மானம் சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று ஒதுக்குகிறது. பஞ்சவார வாரியமும் பொன் வாரியமும் தனி. பொன் வாரியம் இருந்ததிலிருந்தே ஊரில் பொன் புழங்கியது தெரிகிறது. மாற்றுக் குறைந்த பொன்னால் சபை ஏமாந்ததும் உண்டு என்று ஊகிக்கலாம். பொன்னின் மாற்றுப் பார்ப்போரை ஊரின் பல தெருக்களிலிருந்தும் தேர்ந்தெடுக்க இச்சபை தனியே ஏற்பாடு செய்திருக்கிறது. எண்ணெய் வணிகர் வாழ்ந்த சங்கரப்பாடியும் அதில் அடக்கம். வேதம் கற்றோர் சபையாயினும், உரைகல்லைப் பொறுத்தவரை செக்காரர் கண்ணையே நம்பினார்கள்!

ஏரியின் பெயர் வயிரமேக தடாகம். பல்லவன் தந்திவர்மனுக்கு வயிரமேகன் என்னும் பெயர் உண்டு. அதே பெயரைச் சூடிய இன்னொருவன் இராட்டிரகூட அரசை நிறுவிய தந்திதுர்க்கன். தந்திவர்மனின் தாய் ரேவா தந்திதுர்க்கனின் மகளாக இருக்கலாம் என்றும், பாட்டன் பெயரைப் பேரன் பெற்றான் என்றும் அறிஞர் கருதுவர். அப்படியானால் 949இல் படையோடு வந்த கன்னரதேவன் தன் குலத்துப் பெயரைத் தாங்கிய ஏரிக்கரைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறான். பகைவர், அயலார் என்ற சொற்களை நாம் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம்!

கிருஷ்ணன் தொண்டைமண்டலத்தை எவ்வாறு ஆண்டான் என்பதற்கு அவனே சான்று தருகிறான். 959ஆம் ஆண்டுக் கர்காட் செப்பேடு, பொன்னையாற்றங்கரையில் இன்றைய வேலூர் மாவட்டத்து மேல்பாடியில் பாசறை அமைத்திருந்தபோது வழங்கப்பட்டது. தென்னாட்டு நிலங்களைத் தன் ஆட்களுக்குப் பங்கிடவும், மண்டலத் தலைவர்களின் உடைமைகளைக் கைக்கொள்ளவும், கோயில்கள் எடுக்கவும் அங்கே தங்கியிருந்ததாக அது கூறுகிறது. அவன் கொடைமனம் இல்லாதவன் அல்லன். கன்னடக் கவி பொன்னரைப் போற்றியவன். ஆனால் இவ்வரசின் வழி பங்கீட்டு வழி. தலைவர்களை மாற்றினால் போதும், ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். உத்திரமேரூருக்கு இது ஒருவகையில் நன்மை, ஏனெனில் அரசனின் கை ஏரி வாரியத்துக்குள் நுழையவில்லை. மறுபுறம், ஊரில் திரண்ட செல்வம் மேலே சென்றால் எந்த உருவில் திரும்பி வரும் என்பதற்கு உறுதியும் இல்லை.

எங்கள் நண்பர் ஒருவர் இங்கே குறுக்கிட்டு, இராட்டிரகூடர் தம் சொந்த நாட்டு ஊர்களுக்கு எதுவும் செய்யவில்லையா என்று கேட்டார். செய்தார்கள். 945இல் பீசப்பூர் மாவட்டத்துச் சாலோட்டகியில், கிருஷ்ணனின் அமைச்சன் நாராயணன் ஒரு கல்விச்சாலை எடுத்தான். பல நாடுகளிலிருந்தும் வந்த மாணவர் தங்க 27 இல்லங்கள் இருந்தன. ஆசிரியருக்கு 50 நிவர்த்தனம் நிலம், விளக்கெரிக்க 12 நிவர்த்தனம். எங்களைக் கவர்ந்தது மற்றொரு செய்தி: ஊரார் தம் வீட்டுத் திருமணம், பூணூல், முடியிறக்கு ஆகியவற்றின்போது அச்சாலைக்குச் சிறுதொகை தருவதென்று ஏற்பாடாயிற்று. சாலையைத் தொடங்கியவன் அமைச்சன். நடத்தியது ஊராரின் நல்ல நாட்கள்.

சோழர் பக்கத்துச் சான்று உத்திரமேரூருக்கு அருகிலேயே இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு நாங்கள் மாலையில் போய்ச் சேர்ந்தோம். வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, ஏறத்தாழ 1068ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அறுபது பேர் உண்டு உறைந்து கற்கும் சாலை. அதனோடு 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலை, பதினைந்து படுக்கைகளுடன். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வோருக்கு 30 கலம். மூலிகை கொணர இருவர், நோயாளரைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலில் தசமூல ஹரீதகி, கல்யாண லவணம் போன்ற பெயர்களைப் படித்தபோது எங்களில் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர் நெடுநேரம் சுவரை விட்டு அகலவில்லை. மாணவர்க்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று ஆண்டுக்கு 51 முறைக்கு எண்ணெய் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐம்பத்திரண்டாவது வாரத்தில் என்ன ஆயிற்றோ!

சாலோட்டகிக்கும் திருமுக்கூடலுக்கும் இடையில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. ஒப்பீடு முழு நேர்மையானதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். எனினும் வேறுபாடு கண்ணில் படுகிறது. சாலோட்டகியில் ஓர் அமைச்சனின் அறம், ஊராரின் காணிக்கை. திருமுக்கூடலில் நாவிதனின் நெல்கூடக் கணக்கில் ஏறியிருக்கிறது. இக்கணக்குப் புத்தி எப்போது வந்தது? கிருஷ்ணன் 967இல் இறந்தான். 972இல் மாளவத்துச் சீயகன் மானியகேடத்தைச் சூறையாடினான். அடுத்த ஆண்டே அக்குலத்தின் ஆட்சி தைலபனிடம் போனது. பங்கிட்டு ஆண்ட அரசு, பங்கு பெற்றவர்கள் விலகியதும் உதிர்ந்துபோயிற்று. தொண்டைமண்டலத்தை மீட்ட சோழர் தக்கோலத்தை மறக்கவில்லை என்றே நாங்கள் கருதுகிறோம். 985இல் முடிசூடிய இராசராசன் தன் 17ஆம் ஆண்டில் நாடு முழுவதையும் அளக்கத் தொடங்கினான். வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள் வரை தஞ்சைக் கல்வெட்டுகளில் காணலாம்.

அளந்த நிலத்துக்கு வரியும் அளந்தே வரும். உத்திரமேரூரை அடுத்த உக்கல் ஊரில் இராசராசனின் 24ஆம் ஆண்டு ஆணை ஒன்று இருக்கிறது. சோழநாட்டிலும் தொண்டைநாட்டிலும் பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோரின் ஊர்களில், முழுதாக இரண்டு ஆண்டு வரி செலுத்தாதவர் நிலத்தை ஊராரே எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அந்தணர் ஊருக்கும் விலக்கில்லை. ஆதுலர் சாலையின் 90 கலமும் இந்த ஆணையும் ஒரே கணக்கோலையின் இரண்டு பக்கங்கள். அதற்கு மேலும் வருவாய் வந்தது: சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்ட பொருளைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தந்ததை இராசராசனே எழுதிவைத்தான். வடக்கே 1007ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டு, ஒன்பது லட்சம் படையோடு வந்த சோழன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றான் என்கிறது. பகைவர் எழுதியதாகையால் எண்ணிக்கையை நம்பவேண்டியதில்லை. அழிவையும் நம்பவேண்டாமா? தஞ்சையின் வளத்தை அளக்கும்போது ஹொட்டூரின் ஓலத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொரு விடுபடலும் உண்டு. குடவோலையில் பெயர் இடப்பெறக் கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும், தன் மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். படிப்பு மிகுந்தால் அரைக்கால் வேலி போதும். நிலத்தில் சேற்றை மிதித்தவருக்கு இந்தச் சுவரில் இடமில்லை. கன்னரதேவன் ஆண்டிலும் அவர் நாற்று நட்டார், இராசராசன் ஆண்டிலும் நட்டார். வெட்டி என்னும் ஊதியமில்லா உழைப்பின் பெயர் வரிப்பட்டியலில் கிடைக்கிறது. அதைச் செய்தவரின் பெயர் கிடைப்பதில்லை. இரு அரசுகளில் எதில் மனிதர் நலமாக வாழ்ந்தனர் என்ற கேள்விக்கு நாங்கள் தரும் விடை, நிலமுடையோரைப் பற்றிய விடை மட்டுமே. இராட்டிரகூடர் அவர்களைத் தம்போக்கில் விட்டார்கள். சோழர் அவர்களிடம் மிகுதியாகக் கேட்டார்கள், அதில் ஒரு பகுதியை மருந்தாகவும் படிப்பாகவும் திருப்பித் தந்தார்கள். உழுதவர்க்குத் திருப்பித் தந்ததாக நாங்கள் படித்த கல் எதுவும் சொல்லவில்லை.

கிருஷ்ணன் நிலங்களைப் பங்கிட்ட அதே மேல்பாடியில், பின்னாளில் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை எடுத்தான். அரிஞ்சயன் தக்கோலத்தில் மாண்ட இராசாதித்தனின் தம்பி. பாசறையின் தடம் இன்றில்லை, பள்ளிப்படை நிற்கிறது. உத்திரமேரூரிலோ வென்றவர் எவரும் ஏரிக்கு வேறு பெயர் வைக்கவில்லை. சோழர் ஆவணங்களிலும் வயல் எல்லை சொல்லும்போது வயிரமேக வாய்க்கால் என்றே எழுதினார்கள். நாங்கள் திரும்பிய அன்று மதகுக்கு அருகே இருவர் வாய்க்காலில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.