கொஞ்ச நாளைக்குத்தான்... (ஆளில்லாத ஒரு ஊரின் கதை)

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஒரு உண்மை தெரியும். "இப்போதைக்கு இதைப் போட்டு வைப்போம், அப்புறமா ஒழுங்கா மாத்திக்கலாம்"னு சொல்லி எழுதின கோடுதான், எழுதினவன் வேலையை விட்டுப் போன பிறகும் ஓடிக்கிட்டே இருக்கும். அதே மாதிரி "கொஞ்ச நாளைக்குத்தான்"னு 1943-ல் காலி பண்ணச் சொல்லி, 80 வருஷத்துக்கு மேலாகியும் யாரும் திரும்பிக் குடிவராத ஒரு ஊருக்குப் போன சனிக்கிழமை போயிருந்தேன்.

ஊர் பேர் டைனம். எழுத்துக்கூட்டிப் படித்தால் டைன்ஹாம், உள்ளூர்க்காரங்க வாயில் டைனம். இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் மாவட்டத்தில் இருக்கு. "ஆளே இல்லாத ஊரைப் பாக்கவாடா பெட்ரோல் போட்டுக்கிட்டு வந்தோம்?"னு அறைத்தோழன் வழியெல்லாம் புலம்பினான். திரும்பி வரும்போது அவன்தான் என்னை விட அமைதியா வந்தான்.

முதல்ல கொஞ்சம் பூகோளம். பர்பெக் தீவுன்னு ஒரு பகுதி. பேரில்தான் தீவு, உண்மையில் கடலுக்குள் நீட்டிக்கிட்டிருக்கும் நிலம். அதில் கிழக்கு மேற்காக இரண்டு மலை வரிசை. வடக்கே சுண்ணப்பாறை, அதாவது சாக்பீஸ் மாதிரி வெள்ளைக் கல். தெற்கே கடலை ஒட்டி கெட்டியான சுண்ணாம்புக்கல். இரண்டுக்கும் நடுவில் மெத்துன்னு களிமண் பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கில்தான் டைனம். மேற்கே நடந்தால் வொர்பாரோ விரிகுடா. கடல் தெற்குப் பக்கத்துக் கெட்டிச் சுவரை உடைத்து உள்ளே புகுந்து, களிமண்ணை ஆசை தீரச் சாப்பிட்டு, வெள்ளைப்பாறையில் வந்து முட்டி நிற்குது. அரைவட்டமா ஒரு கடற்கரை. சினிமா பாட்டு எடுக்கலாம், அவ்வளவு அழகு.

மேலே மலை உச்சியில் ஃப்ளவர்ஸ் பாரோன்னு இரும்புக்காலத்து மண்கோட்டை. அதில் ஒரு பகுதி ஏற்கனவே கடலுக்குள் சரிஞ்சு போச்சு. ஆக, இந்தப் பள்ளத்தாக்கில் மனுஷன் குடியிருந்தது ரொம்பப் பழைய சங்கதி. 1086-ல் இங்கிலாந்து முழுக்கக் கணக்கெடுத்து எழுதின டூம்ஸ்டே புத்தகத்திலேயே ஊர் பேர் இருக்கு.

அதுக்கப்புறம் பல நூற்றாண்டுக்கு வரலாறுன்னு சொல்ல பெருசா ஒண்ணும் இல்லை. மேட்டில் ஆடு மாடு மேய்ச்சல், பள்ளத்தில் விவசாயம், வொர்பாரோவில் மீன்பிடி. கானாங்கெளுத்தி கூட்டம் கரையோரம் வரும்போது வலை போடுவாங்க. ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் நிலையம், ஒரு பெரிய வீட்டு மாளிகை. அந்த மாளிகை 16-ம் நூற்றாண்டில் கட்டினது. 17-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்ட் குடும்பம் வாங்கியது (ஜேம்ஸ் பாண்ட் இல்லீங்க, நானும் முதல்ல அப்படித்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்). ஊர் வீடுகளும் நிலமும் அந்தக் குடும்பத்தோடது. மத்தவங்க வாடகைக்கும் குத்தகைக்கும் இருந்தவங்க. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழே தேவைப்படும்.

முதல் உலகப்போர் சமயத்தில் 'டாங்க்' புதுசா வந்தப்போ, பக்கத்தில் போவிங்டனில் டாங்க் பயிற்சி முகாம் வந்தது. லல்வொர்த்தில் சுடுதளம் வந்தது. இரண்டாம் உலகப்போரில் டாங்குகள் பெருசாச்சு, பீரங்கி இன்னும் தூரம் சுட ஆரம்பிச்சுது. 1944-ல் பிரான்ஸ் கரையில் இறங்கப் போகும் படைக்குப் பயிற்சி கொடுக்க இருந்த இடம் போதலை. பக்கத்துப் பள்ளத்தாக்கு கண்ணில் பட்டுச்சு.

1943 நவம்பர் 16 தேதியிட்டு வீட்டு வீட்டுக்கு ஒரு கடிதம். நாட்டு நலனுக்காக இந்தப் பகுதி தேவைப்படுது, டிசம்பர் 19-க்குள் காலி செய்யணும். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னாடி! டைனமும் சுத்தியிருந்த பண்ணைகளும் சேர்த்து 225 பேர். பெரிய எதிர்ப்பெல்லாம் இல்லை. போர்க்காலம், பல வீட்டில் பையன்கள் போர்முனையில். மறுத்துப் பேச யாருக்கு மனசு வரும்? கிளம்பும்போது சர்ச் கதவில் ஒரு சீட்டு குத்திட்டுப் போனாங்க. இந்த சர்ச்சையும் வீடுகளையும் பத்திரமா பார்த்துக்கோங்க, தலைமுறை தலைமுறையா வாழ்ந்த வீடுகளை விட்டுக்கொடுத்துட்டுப் போறோம், ஒருநாள் திரும்பி வந்து உங்களுக்கு நன்றி சொல்வோம் என்பது அதன் சாரம்.

போர் 1945-ல் முடிஞ்சது. ராணுவம் கிளம்பலை. 'சர்ச்சிலின் வாக்குறுதி'ன்னு ஊர்க்காரங்க நம்பிக்கிட்டிருந்த விஷயம் காத்தோட போச்சு. அடுத்து வந்த அட்லி அரசு, பயிற்சிக்கு இந்த இடம் வேணும்னு 1948-ல் நிரந்தரமாவே எடுத்துக்க முடிவு பண்ணிடுச்சு. போர் போய் பனிப்போர் வந்திருந்த காலம்.

இப்போ வாடகை விஷயத்துக்கு வருவோம். நிலத்துக்கு இழப்பீடு நிலத்தோட சொந்தக்காரருக்கு. சரி, வாடகைக்கு இருந்தவங்களுக்கு? தோட்டத்தில் அவங்க போட்டிருந்த காய்கறிக்கு விலை. அவ்வளவுதான்! அப்பா, தாத்தா, முப்பாட்டன்னு ஒரே இடத்தில் வாழ்ந்திருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அவங்களுக்கு அந்த ஊரில் சொந்தமா இருந்தது முட்டைக்கோஸ் மட்டும்தான். இதைப் படிச்சப்போ எனக்கு தொண்டை அடைச்சுது.

அதுக்காக டைனத்தைச் சொர்க்கபூமின்னு சொல்லவும் நான் தயாரில்லை. இதைப் பத்தி எழுதறவங்க நிறைய பேர் செய்யற தப்பு அது. ஊரில் மின்சாரம் கிடையாது. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் கிடையாது. பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சு பள்ளிக்கூடத்தை 1932-லேயே மூடிட்டாங்க. அதாவது ராணுவம் வர்றதுக்கு 11 வருஷம் முன்னாடியே ஊர் தேய ஆரம்பிச்சாச்சு. வெளியேறினவங்களில் சிலருக்கு வேர்ஹம் பக்கம் குழாயும் விளக்கும் உள்ள அரசு வீடு கிடைச்சுது, அது அவங்களுக்குப் பிடிச்சும் இருந்தது. ராணுவம் வராமலிருந்தாலும் இன்னிக்கு அந்த வீடுகள் லண்டன் பணக்காரங்களோட வார இறுதி பங்களாவா மாறியிருக்கலாம். ஆனா, தானா விட்டுப் போறதும், திரும்பி வரலாம்னு நம்பிக் கிளம்பிப் போறதும் ஒண்ணாகுமா?

சும்மா விட்டுடலை. 1968-ல் ஊரைத் திரும்பக் கேட்டு ரோட்னி லெக் என்பவர் ஒரு போராட்டக் குழு ஆரம்பிச்சார். பாதுகாப்புத் துறை நிலங்களை ஆராய அரசு போட்ட நியூஜென்ட் குழுவே, லல்வொர்த் பீரங்கிப் பள்ளியை வேல்ஸுக்கு மாத்தலாம்னு 1973-ல் பரிந்துரை பண்ணுச்சு. அடுத்த வருஷம் அரசு அதை ஒதுக்கித் தள்ளிடுச்சு. கிடைச்சது ஒண்ணுதான்: 1975-லிருந்து பொதுமக்கள் குறிப்பிட்ட நாட்களில் வந்து பார்த்துட்டுப் போகலாம். பெரிய மாளிகையின் பெரும்பகுதியை அதுக்கு முன்னாடியே இடிச்சுட்டாங்க.

இப்போ ஊர் எப்படி இருக்கு? வரிசையா கூரையில்லாத கல் வீடுகள். அடுப்பு இருந்த இடத்தில் செடி. தபால் நிலைய வாசலில் வெள்ளை நிறப் பழைய டெலிபோன் கூண்டு. அது அசல் இல்லை. 1980-களில் 'காம்ரேட்ஸ்'னு ஒரு படம் எடுக்க வந்தப்போ பழசு நொறுங்கிப் போக, வேறொண்ணு வச்சாங்களாம். படத்தோட கதை என்ன தெரியுமா? சங்கம் சேர்ந்ததுக்காக 1834-ல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட இதே டார்செட்டின் ஆறு பண்ணைக் கூலிகள்!

சர்ச்சையும் பள்ளிக்கூடத்தையும் மட்டும் சரிபண்ணி கண்காட்சி மாதிரி வச்சிருக்காங்க. பள்ளிக்கூடத்தில் சின்னச் சின்ன மேஜைகள், பிள்ளைங்க பூவும் பறவையும் பார்த்து எழுதின நோட்டுகள், கோட் மாட்டும் ஆணிகளுக்கு மேலே அவங்க பேர். ஆபீஸில் ஆணி பிடுங்குற எனக்கு, அந்த ஆணிகளை விட்டு நகரவே கொஞ்ச நேரமாச்சு.

வேடிக்கை என்னன்னா, ஓட்டல், ரிசார்ட், உரம், பூச்சி மருந்து எதுவும் நுழையாததால் அந்தப் பள்ளத்தாக்கில் பறவையும் பட்டாம்பூச்சியும் காட்டுப்பூவும் கொட்டிக் கிடக்கு. ராணுவமும் அதைப் பெருமையா சொல்லிக்குது. பொய் இல்லை. ஆனா அந்த 225 பேர்கிட்ட கேட்டு யாரும் பட்டாம்பூச்சி வளர்க்கலையே.

வீட்டுக்கு வந்ததும் அறைத்தோழன் கேட்டான்: "மச்சி, நம்ம வீட்டு வாடகை ஒப்பந்தத்தை ஒருதடவை எடுத்துப் படிப்போமா?"

டிஸ்கி: போக நினைக்கிறவங்க, ராணுவம் பாதையைத் திறந்துவிடும் நாளான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க. பெரும்பாலான வார இறுதிகளில் திறந்திருக்கும். மஞ்சள் கம்பங்களைத் தாண்டிப் போகாதீங்க, வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச 'கொஞ்ச நாளைக்குத்தான்' கதை ஏதாவது இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.