பிசுக்கும் அரப்பும்: தமிழக ஆடவர் தலைமுழுக்கின் வரலாறு

தலையில் தடவிய நெய்ப்பொருள் மயிரிலும் மண்டைத்தோலிலும் நாள்படத் தங்கி, தூசியையும் வியர்வையையும் சேர்த்துக்கொண்டு தடிப்பதைத் தமிழ் பிசுக்கு என்கிறது. பிசுக்கேறிய மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் அது சிக்கு, அச்சிக்கு அவிழாமல் இறுகிவிட்டால் சடை. ஒரே கேட்டின் மூன்று படிகளுக்கு மூன்று சொற்களை வைத்திருக்கும் மொழி, அக்கேட்டைக் களையும் செயலுக்கும் அழுத்தமான ஒரு சொல்லை வைத்திருக்கிறது. உறவையோ வழக்கையோ அடியோடு விட்டொழிப்பதைத் ‘தலைமுழுகுதல்’ என்று சொல்லும் வழக்கு, முழுக்கு என்பது முதன்மையாக ஒன்றைப் போக்கிக்கொள்ளும் செயலாகவே கருதப்பட்டதைக் காட்டுகிறது. எண்ணெய்க் குளியலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எண்ணெயின் குணங்களையே விரித்துரைக்க, அதைக் கழுவிய பொருள்கள் ஓரிரு வரிகளில் முடிந்துபோகின்றன. உண்மையில் இவ்வழக்கத்தின் நுட்பம் பூசுவதில் இல்லை. பூசுதலையும் களைதலையும் ஒரே காலைப்பொழுதின் இரு பாதிகளாகப் பிணைத்து வைத்ததில் இருக்கிறது.

இப்பிணைப்பின் பழமைக்குச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை சான்றாகும். ஊடல் தீர்க்க ஒப்பனை செய்துகொள்ளும் மாதவி, பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரோடு வாசனை நெய்யும் கொண்டு கூந்தலை நீராட்டியதாக அக்காதை கூறுகிறது. விரையும் ஓமாலிகையும் மணப்பொருள்கள். துவர் என்பது கடுக்காய், தான்றி, நெல்லி போன்ற துவர்ப்புச் சுவையுள்ள பொருள்களின் தொகுதி. இது செல்வச் செழிப்பில் வாழ்ந்த நாடகக் கணிகையின் ஒப்பனையே அன்றி, உழவனின் சனிக்கிழமைக் குளியல் அன்று. எனினும் நெய் பேசப்படும் இடத்திலேயே துவரும் பேசப்படுவது கவனிக்கத்தக்கது.

ஆடவர் முழுக்குக்குக் கல்வெட்டுச் சான்று வேண்டுவோர் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த நீண்ட கல்வெட்டு, கோயிலோடு இணைந்திருந்த வேதபாடசாலைக்கும் ஆதுலசாலை எனப்பட்ட மருத்துவமனைக்குமான செலவுகளைக் கணக்கிட்டுக் கூறுகிறது. மாணவர்களின் உணவு, படுக்கும் பாய், இரவு விளக்கெண்ணெய் ஆகியவற்றோடு சனிக்கிழமைத் தலைமுழுக்குக்கான எண்ணெயும் அக்கணக்கில் இடம்பெறுகிறது. எண்ணெய் முழுக்கு வீட்டு விருப்பமாக மட்டும் நில்லாமல், ஒரு நிறுவனத்தின் ஆண்டுச் செலவுத் திட்டத்துக்குள் வந்துவிட்ட நிலையை இது காட்டுகிறது.

முழுக்குக்குரிய கிழமைகள் ஆடவர்க்குப் புதனும் சனியும், மகளிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் என வழக்கம் வகுத்திருந்தது. ஆத்திசூடி சனியன்று நீராடச் சொல்வதாகவே மக்கள் கொண்டனர். அங்குச் சனி என்பது கிழமையன்று, குளிர்ச்சி என்பாரும் உளர். தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்கிறது. புதனுக்கும் சனிக்கும் இடையே மூன்று நாளும், சனிக்கும் அடுத்த புதனுக்கும் இடையே நான்கு நாளும் ஆவதால், மருத்துவ விதியும் கிழமை வழக்கும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. கிரகப் பலன்கள் பிற்காலத்தில் எவ்வளவு ஏற்றிச் சொல்லப்பட்டாலும், பிசுக்கு தடிக்கும் முன் அதை எடுத்துவிடும் கால அளவாகவும் இது பயன்பட்டிருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு.

களைந்த பொருள்களுள் முதன்மையானது சீயக்காய். சிகை, அதாவது தலைமயிர் என்ற சொல்லோடு இணைத்துச் சிகைக்காய் என்றும், பேச்சில் சீக்காய் என்றும் வழங்கும் இது, மலைக்காடுகளில் படரும் முள்கொடி ஒன்றின் காய். அதை வெயிலில் சருகாக உலர்த்தி, வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, எலுமிச்சைத் தோல் முதலியவற்றோடு சேர்த்து இடித்தோ மாவு மில்லில் அரைத்தோ வைத்துக்கொண்டு, வேண்டியபோது வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பர். கொங்கு நாட்டிலும் மதுரைப் பக்கத்து வறண்ட ஊர்களிலும் சீயக்காயின் இடத்தை அரப்பு பிடித்துக்கொண்டது. உசிலை மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்ததே அரப்பு. உசிலம்பட்டி இம்மரத்தால் பெயர் பெற்றதாகச் சொல்வர். மலைக்கொடி எட்டாத சமவெளியில் வேலியோரத்து மரத்திலேயே அதே பயனைக் கண்டுகொண்ட அறிவு சாதாரணமானதன்று.

சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை மூன்றிலும் சப்போனின் எனப்படும் பொருள் உண்டு. இதன் மூலக்கூறின் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் பற்றுவதால், மயிரில் ஒட்டிய நெய் சிறு துளிகளாகப் பிரிந்து நீரோடு வெளியேறுகிறது. அத்துடன் பயற்று மாவும் இலைத்தூளும் எஞ்சிய எண்ணெயை உறிஞ்சி, விரலின் உராய்வோடு சேர்ந்து அதைப் பெயர்த்தெடுக்கின்றன. சீயக்காய்க் கரைசல் சற்றே அமிலத்தன்மை உடையதாதலால் மயிரின் மேற்செதில்கள் படிந்தே இருக்கும்; கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தாலும் அது திரிந்து படிவதில்லை. கண்ணில் பட்டால் எரியும் என்பது அதன் குறை. தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சனிக்கிழமைக்கு அஞ்சியதற்கு அதுவே காரணம்.

இந்த ஒழுங்கு குலைந்தது 19, 20ஆம் நூற்றாண்டுகளில். முன்தலை மழித்துப் பின்மயிரை முடிந்த குடுமியே அதுவரை ஆடவர் பலரின் கோலமாக இருந்தது. கிறித்தவம் தழுவியோர் அதை அகற்ற வேண்டுமா என்ற சர்ச்சையை ஒட்டி, மொழியறிஞராக நாம் அறிந்த கால்டுவெல் 1867இல் குடுமியைப் பற்றித் தனியே ஒரு சிறு நூல் வெளியிட்டார் என்றால், அக்கோலம் எத்துணைப் பெரிய விவகாரமாக இருந்தது என்பது விளங்கும். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் செல்வோர் கிராப்பு வைத்துக்கொண்டபோது மாறியது மயிரின் நீளம் மட்டுமன்று. முடிந்து வைத்த குடுமியை நாள்தோறும் வாரிப் படியவைக்க வேண்டியதில்லை. வகிடெடுத்த கிராப்புக்கோ காலைதோறும் எண்ணெய் தேவைப்பட்டது. வாரத்தில் இருமுறை பூசி அன்றே கழுவப்பட்ட பொருள், அன்றாடம் பூசி நாள் முழுதும் சுமக்கும் பொருளாயிற்று. வீட்டுத் திண்ணைச் சுவரில் தலை சாயும் உயரத்தில் படிந்த எண்ணெய்க் கறை இம்மாற்றத்தின் ஆவணம் எனலாம்.

இத்தகைய கறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மக்காசர் எண்ணெய் என்ற பெயரில் விற்ற தலைத்தைலத்தை ஆடவர் தாராளமாகப் பூசிக்கொண்டதால், நாற்காலி முதுகுகளைக் காக்க ‘ஆன்டிமக்காசர்’ என்ற விரிப்புத் துணியே தோன்றியது. தலையைக் கழுவுவதைவிட நாற்காலிக்குத் துணி போடுவது எளிதாகப் பட்டது போலும். 1872இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வாசலின், அதாவது பெட்ரோலியக் களிம்பு, தலைப்பசைகளுக்கு மலிவான அடிப்பொருளாயிற்று. 1928இல் பர்மிங்காமில் பிறந்த பிரில்கிரீம், கனிம எண்ணெயையும் நீரையும் தேன்மெழுகால் கலந்த குழம்பு; பின்னர் இந்தியக் கடைகளிலும் இடம்பிடித்த அதன் புட்டி, கிராப்புத் தலைக்கு நாகரிகத்தின் அடையாளமாகவே திகழ்ந்தது.

பூசுபொருள் இவ்வாறு கூடிய அதே காலத்தில் கழுவுபொருள் மாறியது. சோப்பு காரத்தன்மையுடையது, உவர்நீரிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகளோடு சேர்ந்து கரையாத வெண்படிவாகத் திரிவது. அரப்புக்குப் பதில் குளியல் சோப்பைத் தலைக்கும் போட்டுக்கொண்டவர், ஆழ்துளைக் கிணற்று நீர் வாய்த்த ஊராயின், எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க முயன்று சோப்புப் பிசுக்கை ஏற்றிக்கொண்டார்.

இதற்கு மாற்றாக வந்த ஷாம்புவின் பெயர் இந்தியாவிலிருந்தே சென்றது. பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல், பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தின் பிரைட்டனில் நீராவிக் குளியலகம் நடத்திய ஷேக் தீன் முகமதுவின் வழியே ஆங்கிலத்தில் புகழ்பெற்று, பின்னர் தலை கழுவுதலைக் குறிக்கலாயிற்று. செயற்கைச் சலவைப்பொருள்களால் ஆன ஷாம்பு 1930களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கடின நீரிலும் அது படிவதில்லை. தமிழகத்தில் அது நெடுங்காலம் புட்டி வாங்க வசதியுள்ளவர்களின் பொருளாகவே இருந்தது. அந்நிலையை மாற்றியது கடலூர். அவ்வூர்ச் சின்னி கிருஷ்ணன் வகுத்த சிறு உறை முறை வெல்வெட் ஷாம்புவாக அவர் குடும்பத்தாரால் பரப்பப்பட்டது; அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் தனியே தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு, காலி உறைகளைத் திருப்பித் தந்தால் புதிய உறை தரும் திட்டத்தாலும், பின்னாளில் 50 காசு விலையாலும் சிற்றூர்ப் பெட்டிக்கடைகளின் தொங்கு சரத்தில் நிலைபெற்றது. உறை வந்ததும் அரைப்பும் குழைப்பும் ஒழிந்தன. கழுவுதல் எண்ணெயிலிருந்து பிரிந்து தனி வணிகமாயிற்று.

இன்றைய இளைஞர் தலையில் ஏறுவது நல்லெண்ணெய் அன்று. ஜெல், மெழுகு, சிலிக்கோன் கலந்த கிரீம் ஆகியவையே. ஜெல்லின் பசைப்பொருள் பெரும்பாலும் நீரிலேயே கரையும். மெழுகும் பெட்ரோலியக் களிம்பும் அவ்வாறு கரைவதில்லை. ஆனால் எண்ணெயில் இளகும் என்பதால், சிறிது எண்ணெய் தேய்த்து ஊறவைத்துப் பின் கழுவுவதே அவற்றை எளிதில் நீக்கும் வழி. அதாவது பழைய முழுக்கின் வரிசை இப்புதிய பிசுக்குக்கும் பொருந்துகிறது. சிலிக்கோனுக்கு மட்டும் வலுவான சலவைப்பொருள் கொண்ட ஷாம்பு அவ்வப்போது தேவைப்படும். கடைத்தட்டில் சீயக்காய்ப் படத்தைத் தாங்கி நிற்கும் புட்டிகள் பலவற்றின் பின்புறத்தைப் படித்தால், நுரைக்கும் வேலையைச் செய்வது சல்பேட் வகைச் சலவைப்பொருள் என்பதும், சீயக்காய் சாறாகச் சிறிதளவு சேர்க்கப்பட்டிருப்பதும் தெரியவரும்.