கேமராவுக்கு முன்பிருந்த கட்டியக்காரன்

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் கடந்த கால் நூற்றாண்டாகச் செல்வாக்குப் பெற்றுள்ள கதைசொல்லும் முறைகளுள் ஒன்று, மாக்குமெண்டரி எனப்படும் பாவனை ஆவணப்படம். முழுக்கக் கற்பனையான ஒரு கதையை, யாரோ ஒரு படக்குழு நேரில் சென்று பதிவுசெய்த உண்மை நிகழ்ச்சியைப் போலக் காட்டுவது இதன் அடிப்படை உத்தியாகும். அலுவலகத்திலோ பள்ளியிலோ நடப்பவற்றைத் தோளில் சுமந்த கேமரா பின்தொடர்ந்து செல்ல, பாத்திரங்கள் இடையிடையே தனியாக அமர்ந்து, திரையில் தோன்றாத ஒருவரின் கேள்விக்குத் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சொன்னதற்கு நேர்மாறானது அடுத்த காட்சியில் நடக்கும்போது, அருகில் நிற்கும் வேறொரு பாத்திரம் ஓரக்கண்ணால் கேமராவைப் பார்க்கும். பின்னணிச் சிரிப்பொலி சேர்க்கப்படாமலேயே, எங்கே சிரிக்க வேண்டும் என்பது அந்த ஒற்றைப் பார்வையால் தெரிந்துவிடுகிறது. இந்த வடிவம் மேற்கு நாடுகளில் உருவானது என்பது தொலைக்காட்சியைப் பொறுத்தவரை சரியான கூற்றே. ஆனால், தான் பார்க்கப்படுவதை அறிந்த ஒரு பாத்திரம், கேள்வி கேட்கும் ஒருவரின் முன்னிலையில் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துக்கொள்ளும் நகைச்சுவை அமைப்பு, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், சாலவாக்கம் போன்ற ஏரிப்பாசன ஊர்களை உள்ளடக்கிய வடதமிழ்நாட்டுக் கூத்துக் களத்தில், தொலைக்காட்சிக்கு வெகுகாலம் முன்பே ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருந்தது. அத்தொழிலுக்கு உரியவன் கட்டியக்காரன்.

மேற்கத்திய வடிவத்தின் வரலாற்றைச் சுருங்கக் காண்பது ஒப்பீட்டுக்கு உதவும். 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்யப்படுவதாக ஒரு செய்திப்படத்தை ஒளிபரப்பியபோது, நம்பியவர்கள் பலர். பீட்டர் வாட்கின்ஸ் 1965-இல் அணுகுண்டுத் தாக்குதலைக் கற்பனை செய்து எடுத்த ‘தி வார் கேம்’ படத்தை அதே பிபிசி ஒளிபரப்பாமல் நிறுத்திவைத்து, 1985-இல்தான் ஒளிபரப்பியது. இதற்கிடையே அந்தக் கற்பனைப் படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றுவிட்டது என்பது இவ்வடிவத்தின் வலிமையையும் சிக்கலையும் ஒருசேரக் காட்டுகிறது. ராப் ரைனரின் ‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’ (1984) இதை நகைச்சுவைத் திரைப்படத்துக்குரியதாக ஆக்கியது. 1990-களின் பிற்பகுதியில், சாதாரண மனிதர்களின் அன்றாட வேலையைத் தொடர்ந்து படம்பிடிக்கும் நிகழ்ச்சிகள் பிரிட்டிஷ் தொலைக்காட்சியை நிறைத்தன. கேமரா வந்தவுடன் ஒருவர் எப்படி நடிக்கத் தொடங்குகிறார் என்பதைப் பார்வையாளர்கள் அவற்றிலிருந்து அறிந்துகொண்ட பிறகே, ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் உருவாக்கிய ‘தி ஆபீஸ்’ 2001 ஜூலையில் வெளிவந்தது. அதன் அமெரிக்க வடிவம் 2005 முதல் 2013 வரை 201 பகுதிகள் ஓடியது. 2009-இல் தொடங்கிய ‘மாடர்ன் ஃபேமிலி’ தொடரிலோ, அந்த வீட்டார் யாரிடம் பேசுகிறார்கள், படக்குழு ஏன் வந்தது என்பதற்கு விளக்கமே தரப்படவில்லை. நகைச்சுவைக்குக் காரணமாக இருந்த படக்குழு, பத்தாண்டுக்குள் வெறும் பேச்சுமுறையாகத் தேய்ந்துவிட்டது எனலாம்.

கூத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் எப்போதும் கண்ணெதிரே நின்றது. தெருக்கூத்து என்றும் கட்டைக்கூத்து என்றும் வழங்கப்படும் இக்கலை, பாட்டும் வசனமும் ஆட்டமும் கலந்து இரவு முழுவதும் நிகழ்த்தப்படுவது. இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் ஆகியவற்றை அணியும் அரச வேடங்களே கட்டை வேடங்கள் எனப்படுகின்றன. அறுவடை முடிந்து ஏரியில் நீர் இறங்கும் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை நீளும் இதன் பருவத்தில், திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் அதே கதையின் கூத்தும் நடந்து, இறுதியில் மண்ணால் செய்த துரியோதனன் உருவைச் சிதைக்கும் படுகளத்திலும் தீமிதியிலும் திருவிழா நிறைவுறும். நடிகர்களும் வாத்தியக்காரர்களும் அடங்கிய குழு ஜமா எனப்படும். களத்தின் பின்புறம் பெஞ்சில் அமரும் ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், முகவீணைக்காரர், தாளக்காரர் ஆகியோர் பின்பாட்டும் பாடுவார்கள்.

விநாயகர் துதி முடிந்ததும் முதலில் வருபவன் கட்டியக்காரன். கட்டியம் என்பது அரசனின் வருகையை அவன் பட்டங்களைச் சொல்லி அறிவிப்பதாகும். அந்த அரண்மனைச் சேவகனின் பெயரைத்தான் கூத்தின் இந்தப் பாத்திரம் தாங்கியிருக்கிறது. அவன் தன்னைத் தானே பாட்டால் அறிமுகம் செய்துகொள்கிறான். இன்றிரவு நடக்கவிருக்கும் கதையைச் சொல்கிறான். சலசலக்கும் கூட்டத்தை அதட்டுகிறான். ஆட்டத்தின் நடுவே ஊரார் யாரேனும் அன்பளிப்புத் தந்தால், பெயரையும் தொகையையும் சபையறியச் சொல்லிவிட்டுக் கதைக்குத் திரும்புகிறான். தேவைப்படும்போது தூதனாகவோ வேலையாளாகவோ ஊர்க்காரனாகவோ மாறுகிறான். கட்டை வேடங்களின் கனத்த ஒப்பனைக்கு எதிராக அவனுடையது எளிய ஒப்பனை. அவர்களுடைய ஏட்டு வழக்குக்கு எதிராக அவனுடையது அந்த வட்டாரத்துப் பேச்சு.

அவனுடைய தொழிலின் நுட்பம் முழுவதும் திரைவிருத்தக் காட்சியில் வெளிப்படுகிறது. இருவர் ஒரு துணித் திரையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்றபடி துரியோதனன் விருத்தம் பாடுவான். கிரீடத்தின் நுனியும் சலங்கைக் கால்களும் மட்டுமே தெரியும். திரை விலகியதும் அவன் சுழன்றாடி நிற்க, கட்டியக்காரன் அவனை நெருங்கி, தாங்கள் யார், எந்த நாடு, தகப்பனார் பெயரென்ன என்று ஒன்றும் அறியாதவன் போலக் கேட்கத் தொடங்குவான். தன் சேவகனுக்கே தன்னை விளக்க வேண்டிய நிலைக்கு அரசன் வந்துவிடுகிறான். நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா என்று அரசன் மரபுப்படி விசாரித்தால், அஸ்தினாபுரத்தைப் பற்றிப் பேச வேண்டியவன், எதிரே அமர்ந்திருப்பவர்களின் ஏரி இந்த ஆண்டு நிரம்பாததையும் மதகு பழுதானதையும் பதிலாகச் சொல்வான். அரசனுக்கு அது புரிவதில்லை, சபைக்குப் புரிகிறது. அந்த இடைவெளியே சிரிப்பு. ‘தி ஆபீஸ்’ தொடரின் மேலாளர் டேவிட் பிரென்ட், தான் ஊழியர்களுக்கு உற்ற நண்பன் என்று கேமராவிடம் விளக்கும்போது நிகழ்வதும் இதே அமைப்புத்தான். வேறுபாடு என்னவென்றால், அங்கே கேள்வியாளர் மறைந்திருந்து மௌனம் காக்கிறார். இங்கே அவன் கூடவே நின்று மறுமொழி கூறுகிறான். மௌன கேமராவின் முன் ஒரு மேலதிகாரி தானாகவே குழியில் விழ வேண்டும். கூத்தில் சம்பளத்துக்கு நிற்கும் சேவகன் அரசனைக் குழிவரை அழைத்துச் செல்கிறான், அதுவும் வணக்கம் குறையாமல். அதிகாரத்தின் முகத்துக்கு நேரே நின்று கேட்கும் இந்தத் துணிவு, பாவனை ஆவணப்படத்தில் இல்லாத ஒன்று என்றே கொள்ள வேண்டும்.

இந்தப் பாத்திரத்தின் பழமையை எழுத்துச் சான்றுகளால் ஓரளவே காண முடிகிறது. 18-ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, கட்டியக்காரன் வரவோடு தொடங்குகிறது. பின்னர்ச் சென்னையில் மலிவு விலையில் அச்சான கூத்து நூல்களிலும் அவனுக்கு வரவு விருத்தமும் தருவும் (பாத்திரம் பாடும் இசைப்பாட்டு) உண்டு. ஆனால் அவன் உண்மையில் பேசியவை அந்த நூல்களில் மிகக் குறைவு; ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு மாறும் பேச்சை அச்சில் ஏற்றுவதற்கு வழியுமில்லை, அவசியமுமில்லை. கூத்தின் வரலாற்றில் அதிகம் பேசியவனுக்கே குறைவான ஆவணம் மிஞ்சியிருக்கிறது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், காஞ்சி நகரத்தையே களமாகக் கொண்ட ஒரு நாடகம் எதிர்ப்படுகிறது. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ ஓர் அங்க நகைச்சுவை நாடகம். கள்ளுண்டு மயங்கிய காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, அதைத் திருடியவர் என்று ஒரு பௌத்தத் துறவியைப் பிடித்துக்கொள்கிறான். உண்மையில் அதைக் கொண்டுபோனது ஒரு நாய். அதன் முன்னுரைக் காட்சி இங்குக் கவனத்துக்குரியது. நாடகத்தை நடத்துபவனாகிய சூத்திரதாரன், தான் இரண்டாம் மணம் செய்துகொண்டதால் கோபித்திருக்கும் மூத்த மனைவியைச் சமாதானப்படுத்த முயல்கிறான். அவளும் அக்குழுவின் நடிகை. புதிய நாடகம் ஒன்றை ஆடப்போகிறோம் என்று சொல்லி அவளைத் தேற்றும்போதே, நாடகத்தின் பெயரும் அதை எழுதிய அரசனின் பெயரும் பார்வையாளருக்குத் தெரிவிக்கப்படுகின்றன. கலைஞர்களின் ‘உண்மையான’ வீட்டுச் சண்டையைத் தற்செயலாகப் பார்ப்பது போன்ற பாவனையை உண்டாக்கி, அதன் வழியே கற்பனைக்குள் அழைத்துச் செல்லும் இவ்வுத்தி வடமொழி நாடக மரபுக்குப் பொதுவானதே. இதிலிருந்து கட்டியக்காரன் நேராகப் பிறந்தான் என்று வம்சாவளி எழுதுவது பொருந்தாது. ஆயினும் நடிகன், பாத்திரம், பார்வையாளர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருப்பது இந்நிலத்து நகைச்சுவைக்குப் புதிதல்ல என்பதற்கு இது சான்று.

சிரிப்புக்கு மட்டும் இந்தப் பழக்கம் பயன்பட்டதாகக் கருதுவதும் தவறு. திரௌபதி துகிலுரியப்படும் காட்சியில், துச்சாதனன் வேடமிட்டவர் சேலையில் கைவைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பிழைபொறுக்க வேண்டிக்கொள்ளும் வழக்கம் ஜமாக்களிடையே உண்டு. கதைக்கு வெளியே வந்து நடிகன் பேசும் அந்தக் கணம் கதையின் உக்கிரத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. தொலைக்காட்சித் தொடர்கள் கேமராவை நோக்கிய பார்வையை ஏளனத்துக்கும் ஏக்கத்துக்கும் பயன்படுத்தின. பக்திக்குப் பயன்படுத்த அவற்றுக்கு வாய்ப்பு ஏற்படவில்லை.

இத்தகைய மரபு இருந்தும், பாவனை ஆவணப்பட வடிவம் தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவையில் வேரூன்றவில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்ட பிறகு, அதன் நகைச்சுவை கூத்திலிருந்து வரவில்லை, சபா நாடகத்திலிருந்து வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய காலந்தொட்டு, படச்சட்ட மேடையும் எழுதி மனப்பாடம் செய்த வசனமும் நகரத்து நாடகத்தின் இலக்கணமாகியிருந்தன. கட்டியக்காரனின் இடம் அங்கே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வளர்ந்த ஸ்பெஷல் நாடகத்தில் மட்டும் பபூன் என்ற பெயரில் அவனுடைய உறவினன் ஒருவன் தொடர்ந்தான். அன்றாடச் செய்திகளை மேடையில் இழுத்துப்போட்டுப் பேசிய எம். ஆர். ராதாவின் நாடகங்களுக்கு எதிர்வினையாக, ஏற்கெனவே இருந்த 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் போதாதென்று 1954-இல் மாநில அரசு புதிய சட்டம் இயற்றியது. நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் அதிகாரிக்கு, பிரதியே இல்லாத பேச்சு எப்போதுமே தலைவலிதான்.

மற்றொரு காரணமும் உண்டு. ஆவணப்படத்தைப் பகடி செய்ய வேண்டுமானால், மக்கள் மனத்தில் ஆவணப்படத்துக்கு ஒரு மதிப்பு இருந்தாக வேண்டும். 1948-இல் அமைக்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்கள் திரையரங்குகளில் கட்டாயமாகக் காட்டப்பட்டபோதிலும், கனத்த குரலில் அணைக்கட்டுகளை வருணித்த அவை, தமிழ்ப் பார்வையாளருக்குப் படம் தொடங்குமுன் உள்ள இடைவேளையாகவே இருந்தன. தமிழகத்தில் அத்தகைய மதிப்புப் பெற்றிருந்தது சினிமா. ஆகவேதான் விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’வும், சி. எஸ். அமுதன் இயக்கிய ‘தமிழ்ப்படம்’ (2010) திரைப்படமும் சினிமாவையே குறிவைத்தன. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ (2012) பாத்திரங்களைக் கேமராவை நோக்கிப் பேசவைத்தது. அவருடைய ‘வாயை மூடி பேசவும்’ (2014), பனிமலை என்னும் கற்பனை ஊரில் பரவும் ஊமைக்காய்ச்சலைத் தொலைக்காட்சிச் செய்தியறிக்கைகளின் இடையீட்டோடு சொன்னது. நேரடியான பாவனை ஆவணப்படத் தொடர் 2019-இல் இந்தியில்தான் பெரிய அளவில் வந்தது. ‘தி ஆபீஸ்’ தொடரின் அந்த இந்திய வடிவம் ஃபரிதாபாத்தில் உள்ள ஒரு காகித நிறுவனத்தைக் களமாகக் கொண்டிருந்தது. மூலத்தின் மௌன கேமரா அதிலும் மௌனமாகவே இருந்தது.

கூத்தைப் பொறுத்தவரை, ரிச்சர்ட் ஃப்ராஸ்காவின் நூல் (1990), ஹன்னா டி புரூயினின் நூல் (1999) ஆகியவை அதைக் கல்விப்புலத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தன. நடிகர் பெ. இராஜகோபால் முன்னின்று நடத்திய கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் தொடங்கப்பட்டு, காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலத்தை நடத்தியது. ஆண்களுக்கே உரியதாக இருந்த களத்தில் பெண் பிள்ளைகளும் பயிற்சி பெற்று ஆடியது அதன் முக்கியமான விளைவு. இப்போது திருவிழாக் கூத்துகள் பல முழு இரவும் பதிவுசெய்யப்பட்டு யூடியூபில் ஏற்றப்படுகின்றன. அப்பதிவுகளில் கேமரா பெரும்பாலும் களத்தை நோக்கி ஒரே இடத்தில் நிற்பதால், கட்டியக்காரன் யாரைக் கைகாட்டிக் கேலி செய்கிறான், முன்வரிசையில் இருந்து யார் பதில் கொடுத்தார், எந்த வீட்டு விவகாரத்துக்கு ஊர் சிரிக்கிறது என்பவை சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன. துரியோதனனின் விருத்தம் எழுத்துப் பிசகாமல் கிடைக்கிறது, கட்டியக்காரனின் பேச்சில் பாதிதான் கிடைக்கிறது.