பாசிப்பாட்டமும் மீன் குஞ்சும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்றொரு வருவாய் வருகிறது. ஏரி மீனுக்கான குத்தகைப் பணம் அது. அதை அதே ஏரியின் மராமத்துக்கு ஒதுக்கிய ஊர்களும் இருந்தன. 'மீன்பாசி ஏலம்' என்ற சொல் இன்றும் நம்மிடம் புழங்குகிறது. ஆனால் ஏலக்காசுக்கும் ஏரிக்கரைக்கும் இருந்த உறவு அறுந்துபோனது.

இதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. மண்ணைச் சுமந்தது யாரு, மீனில் பங்கு வாங்கியது யாரு என்று கேட்டால் சாதிதான் வந்து நிற்கும். 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் குடிமராமத்தை அரசு ஆணையாகவே ஆக்கியது. ஆனாலும், மீனில் வந்த பணம் நீருக்குத் திரும்ப வேண்டும் என்ற கணக்கொன்று அதற்குள் இருந்தது. அது தொலைந்த விதம்தான் நம் கேள்வி.

1873இல் பிரான்சிஸ் டே இந்திய நன்னீர் மீன்வளம் குறித்த அறிக்கையை வெளியிட்டார். ஆற்றின் குறுக்கே கட்டிய அணைகள் மீனின் பயணத்தை மறிப்பதை அவர் கண்டிருந்தார். ஆனால் 1897இல் வந்த மீன்வளச் சட்டம் வெடி வைப்பவனையும் விஷம் கலப்பவனையுமே முதன்மைக் குற்றவாளியாக்கியது. அணை கட்டிய அரசு தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமா என்ன?

1907இல் சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்வள நிர்வாகம் தொடங்கியது. 1934இல் மேட்டூர் அணை வந்தது. கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீனுக்கு மேலே வழியில்லாமல் போனது. அரசின் பதில், கோதாவரியின் கட்லாவைக் கொண்டுவந்து விடுவது. 1952இல் ஜிலேபிக் கெண்டை இந்தியாவுக்குள் வந்தது. வாழிடம் போனால் போகட்டும், புது மீனை விடு என்பதே கொள்கையாயிற்று.

அந்தக் கொள்கையின் உச்சம் காவிரியின் கூன்முதுகு மஹ்சீர். மஹ்சீரைக் காப்பாற்றுகிறோம் என்று மகாராஷ்டிரப் பண்ணையில் பொரித்த வேறொரு இனத்தின் குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். அவை பெருகின, சொந்த மீன் ஒடுங்கியது. 2018இல் அது மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டது.

பொம்மிடியில் நின்று பார்த்தால் சேர்வராயன் மலை. அம்மலைநீரில் வாணியாறு தென்பெண்ணைக்கும் தொப்பையாறு காவிரிக்கும் போகின்றன. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நீர்நாய்க்கும் முதலைக்கும் அங்கே ஒரு எல்லைக்கோடு கிடைத்தது. ஆனால் பெரிய ஆற்றைக் காக்கிற கோட்டுக்கு வெளியே, அதற்கு நீர் தருகிற சிற்றாறுகள் மணலை இழந்து, சேகோ ஆலைக் கழிவைச் சுமக்கின்றன. மீன் முட்டையிடுவதோ இப்படிப்பட்ட ஓடைகளிலும் மணற்படுகைகளிலும்தான்.

பணமே இல்லை என்று சொல்ல முடியாது. 2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி ரூபாய். அதன் பேரிலக்கு 220 லட்சம் டன் உற்பத்தி. ஆற்றில் குஞ்சு விடுவதும் அதில் உண்டு. தமிழக அரசு 2017இல் 100 கோடியோடு குடிமராமத்தைத் திரும்பத் தொடங்கியபோது எண்ணப்பட்டது தூரும் கரையும். ஒரு துறை மீனை எண்ணுகிறது, இன்னொன்று மண்ணை எண்ணுகிறது. இரண்டுக்கும் நடுவே உயிர் வாழும் நீர் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டுச் சட்டமொன்று தூண்டில் சாமான்கள் மீதான வரியை மாநிலங்களின் மீன்வளப் பணிக்கென்றே திருப்பிவிட்டது. அங்கும் குஞ்சு விடுவதில் காசு கரைந்தது. எனினும் வாழிடமும் ஒரு செலவுத் தலைப்பாக நின்றது. நாம் அதை நகலெடுக்க வேண்டியதில்லை, நம் பாசிப்பாட்டமே போதும். மீன்பாசி ஏலத்தொகையில் ஒரு பங்கு அந்தந்த ஏரிக்கும் அதன் வரத்துக் கால்வாய்க்கும் திரும்ப வேண்டும். அதை முடிவுசெய்யும் இடத்தில் மீன் பிடிப்பவரும், முன்பு கூலியில்லாமல் மண் சுமந்தவர்களின் பிள்ளைகளும் உட்கார வேண்டும். கிராமசபையில் குஞ்சுக் கணக்கைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: எத்தனை விட்டீங்கன்னு சரி, அது எங்கே முட்டை போடும்?