அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகளும் ஒரு சமையல்காரனும்



புத்தாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு அண்ணை ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ ஏ.எல். வரைக்கும் படிச்சனிதானே, ஏதாவது வரலாறு எழுதித் தா" என்றார். நான் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவன். பேனா பிடித்துக் கனகாலம். ஆனாலும் உயர்தரத்தில் எனக்குப் பிடித்த பாடம் வரலாறுதான். எனவே ஒத்துக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொண்ட விடயம் அமெரிக்க வரலாறு. கனடாவில் இருந்துகொண்டு உனக்கேன் அமெரிக்கா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. என் மகள் ரொறன்ரோவில் பிறந்தபோது என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. பிள்ளைக்கு இரண்டு மாதத்தில் கனடியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. தகப்பன் கையில் இருந்தது ஒரு துண்டுக் கடதாசி. பிறந்த ஒரே காரணத்துக்காக ஒரு நாடு ஒரு குழந்தையை "இது என்ரை பிள்ளை" என்று சொல்கிறதே, இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பிறகு நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

பிறந்த மண்ணே பிரசாவுரிமை தரும் என்ற விதி இங்கிலாந்தின் பழைய சட்டத்திலிருந்து வந்தது. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் மூலம் அதுதான். ஆனால் அதற்காக ஒரு யுத்தமே நடந்து முடிந்து, பிறகு அதை அரசியலமைப்பில் எழுதி வைத்து, அதன் பிறகும் வழக்காட வேண்டி வந்த நாடு அமெரிக்கா.

அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகள் எவை என்று கேட்டால் 1776 சுதந்திரப் பிரகடனம், 1861 உள்நாட்டுப் போர், 1929 பொருளாதார வீழ்ச்சி, 1941 பேர்ள் துறைமுகத் தாக்குதல் என்று மனப்பாடமாகச் சொல்லலாம். அவை திருப்புமுனைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அகதியாக வந்தவன் வாசிக்கும்போது கண்ணில் படுவது வேறொரு வரிசை. "இந்த நாட்டுக்காரன் யார்?" என்ற கேள்விக்கு அந்த நாடு காலத்துக்குக் காலம் சொன்ன பதில்களின் வரிசை அது.

முதல் திருப்பம்

டிரெட் ஸ்கொட் என்ற கறுப்பின அடிமை, தன் எசமானுடன் அடிமைமுறை இல்லாத பிரதேசங்களில் வாழ்ந்தவர். அதனால் தான் சுதந்திர மனிதன் என்று 1846இல் மிசூரி மாநிலத்தில் வழக்குப் போட்டார். 11 வருடம் இழுபட்ட வழக்கு அது. 1857 மார்ச் 6ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபிரிக்க வம்சத்தவர் அமெரிக்கப் பிரசையாகவே முடியாது, எனவே வழக்குப் போடும் உரிமையும் கிடையாது என்பது பிரதம நீதியரசர் ரோனி சொன்ன தீர்ப்பு. ஸ்கொட்டுக்கு அந்த வருடமே வேறு வழியில் விடுதலை கிடைத்தாலும் அடுத்த வருடம் இறந்துபோனார்.

பிறகு யுத்தம் வந்தது. 1861 முதல் 1865 வரை 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடிமைமுறை ஒழிந்தது. 1868 யூலையில் 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. அமெரிக்காவில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டவர் எல்லோரும் அமெரிக்கப் பிரசைகள் என்பது அதன் முதல் வசனத்தின் சாரம். ரோனியின் தீர்ப்பை அந்த ஒரு வசனம் குப்பையில் போட்டது.

இந்த வசனம் பற்றி 1866இல் செனற் சபையில் விவாதம் நடந்தபோது பென்சில்வேனியாவைச் சேர்ந்த கவன் என்பவர், அப்படியென்றால் சீனக் குடியேற்றவாசியின் பிள்ளையும் பிரசையா என்று கேட்டார். கலிபோர்னியாவின் பிரதிநிதி ஜோன் கொனெஸ், ஆம் அவர்களும்தான் என்று பதில் சொன்னார். இந்தக் கொனெஸ் அயர்லாந்தில் பிறந்து அமெரிக்கா வந்தவர்.

எதிர்த் திருப்பம்

திருப்பம் என்றால் எப்போதும் நல்ல பக்கம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 1869 மே மாதம் நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த புகையிரதப் பாதை முடிந்தது. மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்து தண்டவாளம் போட்டவர்களில் பெரும்பான்மையோர் சீனர்கள். வேலை முடிந்தது. ஆட்கள் வேண்டாதவர்களாகிப் போனார்கள். 1882இல் சீனத் தொழிலாளர் உள்ளே வருவதையே தடுக்கும் சட்டம் வந்தது. ஏற்கனவே உள்ளே இருந்தவர்களும் பிரசாவுரிமை எடுக்க முடியாது. பத்து வருடத்துக்கு என்று போட்ட சட்டம் 1943 வரை நீண்டது.

இந்த இடத்தில்தான் எங்கள் சமையல்காரன் வருகிறான்.

வொங் கிம் ஆர்க்

சன் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவன் வொங் கிம் ஆர்க். தொழில் சமையல். 1894இல் சீனாவுக்குப் போனான். திரும்பி வரும்போது பிரச்சினை வரக்கூடாது என்று, இவன் இங்கே பிறந்தவன் என வெள்ளையர்கள் சாட்சிக் கையொப்பம் வைத்த கடதாசியையும் கொண்டுதான் போனான். 1895 ஓகஸ்டில் கப்பல் வந்து சேர்ந்தது. சுங்க அதிகாரி அவனை இறங்க விடவில்லை. தாய் தகப்பன் சீனச் சக்கரவர்த்தியின் பிரசைகள், ஆகவே நீயும் சீனன்தான் என்பது அரசாங்கத்தின் நியாயம்.

ஏறக்குறைய 5 மாதம் கரைக்கு அருகே கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தான். ஒரு கப்பல் புறப்பட வேண்டி வந்தால் இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். தான் பிறந்த ஊர் கண்ணுக்கு முன்னால். கால் வைக்க முடியாது. விசாரணைக்குக் காத்திருந்த எங்களில் பலருக்கு அந்த மனநிலையை விளக்கத் தேவையில்லை.

அவனுக்காக ஆட்கொணர்வு மனுப் போடப்பட்டது. கீழ் நீதிமன்றத்தில் வென்றான். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1898 மார்ச் 28ஆம் திகதி உயர் நீதிமன்றம் 6க்கு 2 என்ற கணக்கில் அவன் பக்கம் தீர்ப்பளித்தது. பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், அமெரிக்காவில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளை அமெரிக்கப் பிரசை. கொனெஸ் 1866இல் சொன்ன பதில் 32 வருடம் கழித்துத்தான் தீர்ப்பாக வந்தது.

அத்தோடு அவன் பாடு முடிந்ததா என்றால் இல்லை. 1901இல் டெக்சாசின் எல் பாசோவில் அவனைச் சட்டவிரோதமாக வந்த சீனன் என்று பிடித்தார்கள். நாட்டுக்கே சட்டம் வகுத்துக் கொடுத்தவன், தான் யார் என்று மறுபடியும் நிரூபிக்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் மனம் ஆறாது. 1948இல் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், நீ எங்கே பிறந்தாய் என்று கேட்கவில்லை. உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த லட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அதைத் தீர்க்கிற சட்டமொன்று வந்தது 2003இல். எங்கள் வீட்டில் அதைப்பற்றி யாரும் பெரிதாகக் கதைத்து நான் கேட்டதில்லை. நானும் நாடற்றவன் போலக் கடதாசியோடு திரிந்தபோதுதான் அது உறைத்தது.

கதவு மூடிய காலம்

1924இல் அமெரிக்கா நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு போட்டு, ஆசியர்களை அநேகமாக முழுதாகவே தடுத்தது. அதன் விளைவு 1939இல் தெரிந்தது. ஹிட்லரிடமிருந்து தப்பிய 937 பயணிகளோடு, அவர்களில் அநேகமாக எல்லோரும் யூதர்கள், சென் லூயிஸ் என்ற கப்பல் ஹம்பேர்க்கிலிருந்து கியூபா வந்தது. கியூபா 28 பேரை மட்டும் இறங்க விட்டது. கப்பல் மயாமிக் கரையோரம் சுற்றியது. அமெரிக்கா ஏற்கவில்லை. கனடாவும் ஏற்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அவர்களில் 254 பேர் பின்னர் நாசிகளின் படுகொலைக்குப் பலியானார்கள். கனடா அதற்கு மன்னிப்புக் கேட்டது 2018இல்.

1942இல் இன்னொன்று நடந்தது. ஜப்பானோடு யுத்தம் என்று சொல்லி, மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சத்தவர் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரசைகள். 14ஆவது திருத்தமும் இருந்தது, வொங்கின் தீர்ப்பும் இருந்தது. இரண்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. பிரெட் கொரமற்சு என்ற வெல்டிங் தொழிலாளி, போகமாட்டேன் என்று மறுத்து வழக்காடினார். 1944இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். அவர் மீதான குற்றத் தீர்ப்பை ஒரு நீதிமன்றம் நீக்கியபோது வருடம் 1983. 1988இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டொலர் வழங்கச் சட்டம் செய்தது.

மறுபடியும் திறந்த கதவு

1924 சட்டத்தை எதிர்த்தவர்களில் ஒருவர் இமானுவேல் செல்லர். நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து அப்போதுதான் காங்கிரசுக்குப் புதிதாகப் போனவர். தோற்றார். ஆனால் விடவில்லை. 41 வருடம் கழித்து, 1965இல், நாட்டு ஒதுக்கீட்டை ஒழித்த புதிய குடிவரவுச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். அவ்வருடம் ஒக்டோபர் 3ஆம் திகதி சுதந்திரதேவி சிலையின் அடியில் ஜனாதிபதி ஜோன்சன் அதில் கையொப்பமிட்டார். ஆசியாவிலிருந்து மக்கள் பெருமளவில் அமெரிக்கா போக வழி பிறந்தது.

1980இல் அகதிகள் சட்டம் வந்தது. அதற்கு முன் அங்கே அகதி என்றால் பெரும்பாலும் கம்யூனிச நாட்டிலிருந்து ஓடிவந்தவர்தான். 1980இல் ஐ.நா. வரைவிலக்கணம் சட்டமாகியது. இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற அந்த ஐந்து காரணங்களும் எங்களில் பலருக்குத் தேவாரம் போலப் பாடம். கனடாவின் சட்டத்திலும் இருப்பவை அவைதான்.

இதோடு முடிந்ததா? 2025 ஜனவரி 20ஆம் திகதி, பெற்றோரின் வதிவிட அனுமதியைப் பார்த்தே பிறக்கும் பிள்ளைக்குப் பிரசாவுரிமை என்று அமெரிக்க ஜனாதிபதி ஆணை போட்டார். சில நாட்களிலேயே ஒரு நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்த பெயர், 1895இல் கப்பலில் கிடந்த அந்தச் சமையல்காரனின் பெயர்.

நான் விளங்கிக்கொண்டது இதுதான். நல்ல சட்டம் ஒருமுறை வந்துவிட்டால் போதும் என்று இருக்க முடியாது. அது மறுபக்கமும் திரும்பும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் போய் நின்று கேட்டால்தான் அது நிற்கிறது. ஆனால் ஒரு சமையல்காரனிடம் உயர் நீதிமன்றம் போகக் காசு ஏது?

அதற்குப் பதில், சன் பிரான்சிஸ்கோவில் ஆறு கம்பனிகள் என்று அழைக்கப்பட்ட சீனர் சங்கம். வொங்குக்குச் சட்டத்தரணி பிடித்தது அவர்கள்தான். அதற்கு முன் 1892இல், சீனர் எல்லோரும் பதிவுப் பத்திரம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எதிர்த்து வழக்காட ஆளுக்கு ஒரு டொலர் தாருங்கள் என்று அந்தச் சங்கம் கேட்டது. சலவைக் கடையிலும் குசினியிலும் நின்றவர்களிடம் கேட்ட காசு அது. அந்த வழக்கில் 1893இல் தோற்றார்கள். தோற்றும் சங்கத்தை இழுத்து மூடவில்லை. மூடியிருந்தால் 1895இல் கப்பலில் கிடந்தவனுக்கு யார் இருந்திருப்பார்கள்?

எங்கள் சங்கத்துக்கு நான் இரண்டு வருடமாகச் சந்தா கட்டவில்லை. "உவங்கள் என்னத்தைக் கிழிக்கிறாங்கள்" என்று தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் சொன்னவர்களில் நானும் ஒருவன். இந்தக் கட்டுரையைக் கொடுக்கப் போகும்போது இரண்டு வருடக் காசையும் சேர்த்துக் கொண்டுபோகிறேன்.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.