பாடி லூகாஸும் பன்னெண்டு வோல்ட்டும்

பாடின்னா இப்ப நிறைய பேருக்கு மேம்பாலம்தான் ஞாபகம் வரும். பழைய ஆளுங்க "லூகாஸ் ஸ்டாப்"னு சொல்லுவாங்க. கண்டக்டர் கூவுற அந்தப் பேருக்குப் பின்னாடி, 12 வோல்ட்டை 20,000 வோல்ட் ஆக்குற ஒரு வித்தை இருக்கு. படிச்சது எலெக்ட்ரிகல், சோறு போடறது சாப்ட்வேர். ஆணி புடுங்குன நேரம் போக மேய்ஞ்சதுல தேறினது இது.

முதல்ல சிக்கலைப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சின்ல பிளக் முனையில பொறி தாவணும்னா ஆயிரக்கணக்கான வோல்ட் வேணும். கையில இருக்கறதோ 12 வோல்ட் பேட்டரி. டிரான்ஸ்பார்மர் போட்டு ஏத்தலாமேன்னு கேப்பீங்க. பேட்டரி குடுக்கறது டிசி. மாறாம ஓடுற கரண்ட்டுக்கு டிரான்ஸ்பார்மர் மசியவே மசியாது.

வழி கண்டுபிடிச்சவர் ஒரு பாதிரியார்! அயர்லாந்தில் மேனூத் கல்லூரியில் பாடம் நடத்திய நிக்கோலஸ் காலன். 1836-ல் ஒரு இரும்புத் தண்டு மேல தடிச்ச கம்பியைக் கொஞ்சமாவும், மெல்லிசு கம்பியை ஏகப்பட்ட சுத்தாவும் சுத்தினார். தடிச்ச கம்பியில பேட்டரி கரண்ட்டை விட்டு, சட்டுனு துண்டிச்சார். காந்தப்புலம் பொசுக்குனு சரிய, மெல்லிசு கம்பியில வோல்டேஜ் எகிறிடுச்சு. வோல்டேஜ் ஏறுன அளவுக்கு கரண்ட் இறங்கிடும், ஓசியில எதுவும் வராது. ஆனா பேர் வாங்கினது என்னவோ இதே மாதிரி காயிலைப் பாரிஸில் செஞ்சு வித்த ரும்கார்ஃப் :-)

இதைக் காருக்குள்ள ஒழுங்கா உக்கார வெச்சவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1910 மாடல் கேடில்லாக்கில் அவரோட பேட்டரி இக்னிஷன் வந்தது. எஞ்சின் சுத்தச் சுத்த ஒரு சின்ன கேம், 'பாயின்ட்'டைத் திறந்து மூடும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தினா, நொடிக்கு 100 தடவை வெட்டு, 100 பொறி. பாயின்ட்டிலேயே பொறி பறந்து கருகிடாம இருக்கத்தான் பக்கத்துல கண்டன்ஸர்.

நம்ம ஊருக்கு எப்படி வந்தது? 1953-ல் டாரிஃப் கமிஷன், பாகங்களை இறக்கிச் சும்மா கோத்து விக்கிறது போதாது, இங்கேயே தயாரிக்கணும்னு பரிந்துரை செஞ்சது. பிரிட்டனின் லூகாஸும் மதுரை டிவிஎஸ்ஸும் கை கோத்து 1961-ல் லூகாஸ்-டிவிஎஸ் ஆரம்பிச்சாங்க. ஸ்டார்ட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், காயில்னு வண்டியோட கரண்ட் சமாச்சாரமெல்லாம் பாடியில் உருவாச்சு.

இந்த வெட்டைக் கண்ணால பாக்கணுமா? பாயின்ட் வெச்ச பழைய புல்லட் யார்கிட்டயாவது இருந்தா சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவா அமுக்கச் சொல்லுங்க. பாயின்ட் மூடியிருக்கப்போ ஆம்பியர் மீட்டர் முள் இடப்பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். அந்த முள்ளைப் பார்த்துக் கிக் அடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் புல்லட் மசியும்.

பாயின்ட் இடைவெளி அம்பாசடர்ல சுமார் 0.4 மில்லிமீட்டர். இதை ஃபீலர் கேஜ் வெச்சுப் பிடிக்கிறது ஒரு தனித் தொழில். எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்ததும் அந்தக் கை வேலை போச்சு. அடுத்து எலெக்ட்ரிக் வண்டி. அதுல பொறியே கிடையாது. காது வெச்சே டைமிங் சொன்ன மெக்கானிக்குகளோட அனுபவத்தை எந்தப் புத்தகமும் முழுசா எழுதி வெக்கலை. எனக்கு அதுதான் வருத்தம்.

காலனோட வித்தை மட்டும் சாகலை. கரண்ட் போனா ஓடுற வீட்டு இன்வெர்ட்டரும் 12 வோல்ட் டிசியை வெட்டி வெட்டித்தான் 230 ஆக்குது. கேமுக்குப் பதிலா உள்ள டிரான்சிஸ்டர் உக்காந்திருக்கு, அவ்வளவுதான்.

உங்க தெரு மெக்கானிக் யாராவது பாயின்ட் காலத்து ஆளா இருந்தா, பேசிப் பார்த்து எழுதுங்களேன்.